மண்டபத்தில் யாரும் இருமவில்லை

நான் இசை எழுதுகிறவள். இப்படிச் சொன்னால் எந்தப் படத்துக்கு என்று கேட்பார்கள். படத்துக்கு இல்லை என்றால், அப்போ பாடுவீங்களா என்பார்கள். பாடவும் மாட்டேன். வயலின், வியோலா, செல்லோ வைத்திருக்கும் நாலு பேருக்கு, சில சமயம் ஒரு பெரிய வாத்தியக் குழுவுக்கு, அவர்கள் வாசிக்க வேண்டியதை ஒரு சுரம் விடாமல் தாளில் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. மேற்கத்திய செவ்வியல் இசையில் இன்றைக்கும் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிற ஆட்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி. போடிநாயக்கனூரில் இதை யாருக்கும் விளக்கி நான் கரையேறியதில்லை.

அண்ணன் மட்டும் விளக்கம் கேட்டதே கிடையாது. எங்கள் அப்பா ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டினார். அவருக்குப் பிறகு அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். இப்போது சொந்தமாகச் சில ஜீப்புகள் வைத்திருக்கிறான். இருள் பிரியும் முன்னே போடியிலும் பக்கத்து ஊர்களிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைச்சாலையில் ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். அந்த ஜீப்தான் என்னை மதுரையில் படிக்கவைத்தது. கல்லூரி அரங்கின் மூலையில் பூட்டிக் கிடந்த பியானோவைத் திறந்துவிடச் சொல்லி, தட்டித் தட்டிப் பழகி, தபாலில் பாடம் வாங்கிப் பரீட்சை எழுதி, கடைசியில் உதவித்தொகை கிடைத்து ஐரோப்பாவுக்குப் போனேன். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "அவ ஏதோ செய்றா, விடுங்கப்பா" என்று அண்ணன் அந்தப் பேச்சை முடித்துவைத்தான்.

இந்தத் தொழிலில் பெயர் வாங்குவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் உட்கார்ந்து எழுதியது ஒரு சாயங்காலம் வாசிக்கப்படும். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் நம் மாணவர்கள், மீதி வாசிப்பவர்களின் வீட்டார். யாராவது ஒருவர் பத்திரிகையில் இரண்டு பத்தி எழுதுவார். பிறகு தாள்கள் பீரோவுக்குப் போய்விடும். சென்னையில் ஒரு இசைப்பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டு இப்படித்தான் பல வருடங்கள் எழுதினேன். ஒரே ஒரு தடவை அண்ணன் என் நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்னை வந்தான். வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். முடிந்து வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு ஊருக்குள்ள வேற எதுவும் விசேசமா பாப்பா? ஆளுகளக் காணமே" என்றான்.

"எப்பவும் இவ்வளவுதாண்ணே."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டுக் கலை நிதி ஒன்றின் உதவியோடு நால்வர் வாசிக்கும் ஒரு படைப்பை எழுதினேன். போடிமெட்டின் காற்றைப் பற்றியது. ஆடியில் அந்தக் கணவாய் வழியாக வரும் காற்று, அடித்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று ஒரு கணம் நிற்கும். அப்போது மலையே செவிசாய்ப்பது போலத் தோன்றும். அதைத்தான் பிடிக்கப் பார்த்தேன். நால்வரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி எதுவும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் நீண்ட மௌனங்கள் அதில் இருந்தன. வாசிக்கிற பகுதிகளை விட அந்த மௌனங்களுக்குத்தான் நான் அதிகம் மெனக்கெட்டேன்.

சென்னையில் முதல் தடவை வாசித்தபோது முதல் மௌனத்திலேயே ஒருவர் முடிந்துவிட்டது என்று கைதட்டினார். இரண்டாவதில் செல்போன் அடித்தது. பெங்களூரில் ஒரு அம்மாள் மிட்டாய் காகிதத்தை மெதுவாகப் பிரித்தார், மெதுவாகப் பிரித்ததால் அது முடியவே இல்லை. மௌனங்களைக் குறைத்துவிடலாம் என்று செல்லோ வாசிக்கிறவர் சொன்னார். எங்கள் குழுவில் மூத்தவர் அவர்தான். எனக்கு மனம் வரவில்லை.

நிதி கொடுத்தவர்கள் அதைப் பதிவுசெய்து வெளியிட விரும்பினார்கள். எந்த ஊரின் காற்றோ அந்த ஊரிலேயே, மக்கள் முன்னிலையில் வாசித்துப் படம் பிடிக்க வேண்டும் என்பது அவர்களின் யோசனை. அண்ணனிடம் சொன்னேன். "மண்டபத்த நான் பாத்துக்கிறேன். ஆளுக வருவாக. நீ வந்து சேரு" என்றான்.

கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் படம் போட்ட பிளெக்ஸ் போர்டில் என்னை மண்ணின் மகள் என்றும் இசைக்குயில் என்றும் எழுதியிருந்தார்கள். வாசிப்பவர்கள் நால்வரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கல்யாண மண்டபம் சாயங்காலம் நாலு மணிக்கே நிறைந்துவிட்டது. ஜீப் ஜீப்பாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். தோட்டத்திலிருந்து அப்படியே வந்தவர்கள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு, தூக்குவாளியைக் காலடியில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களை வேலைக்குச் சேர்த்து மேற்பார்வை பார்க்கிற கங்காணி, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் ஓடியாடி மைக் சரிசெய்து, மதினியை விட்டு எல்லோருக்கும் டீ கொடுக்கச் செய்தான்.

முதலில் பேச்சு. ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். ஒருவர் என்னை அடுத்த படத்தில் போடியைக் காட்டச் சொன்னார். பொன்னாடை, சந்தன மாலை, மறுபடி பொன்னாடை. நால்வரும் மேடைக்கு வரும்போது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

அவர்கள் வாசித்தார்கள். முதல் மௌனம் வந்தது. வில்கள் மேலே நின்றன. நான் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கைதட்டவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வளையல் கூடச் சத்தம் போடவில்லை. அந்தப் பெரிய மண்டபத்தில் வெளியே போகும் பஸ்சின் இரைச்சல் கேட்டு அடங்கிய பிறகு மிஞ்சியது, நான் எழுதும்போது என் காதுக்குள் கேட்ட அதே நிசப்தம். இரண்டாவது மௌனத்திலும் அப்படித்தான். கடைசி மௌனத்தில், மூன்றாவது வரிசையில் கொஞ்சம் பருத்த ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் கண்ணும் நிறைந்துவிட்டது. இத்தனை வருடங்களாகப் படித்தவர்களுக்கும் பழகியவர்களுக்கும் போய்ச் சேராதது இங்கே சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். கங்காணி கூட அசையாமல் சுவரோடு சுவராக நின்றார். அவரும் கரைந்துபோய் நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முடிந்ததும் செல்லோக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார். "நாற்பது வருஷமா வாசிக்கிறேன், இப்படி ஒரு அமைதியைக் கேட்டதே இல்லை" என்றார். பெண்கள் வெரசாக எழுந்து ஜீப்புகளைப் பார்த்துப் போய்விட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே நான் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தேன். ஓரிடத்தில் ஒரு நாற்காலிக்குக் கீழே ஈரமாக இருந்தது, என் செருப்பு வழுக்கியது. யாரோ தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்து, "இங்க தண்ணி கொட்டியிருக்கு, தொடைச்சிருங்க" என்று மண்டபத்து ஆளிடம் சொல்லிவிட்டுப் போனேன். அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கே வெளிநாட்டு வானொலி ஒன்றிலிருந்து போனில் பேட்டி எடுத்தார்கள். நான் நிறுத்தாமல் பேசினேன். விடிவதற்கு முன் எழுந்து மலையேறி வேலை செய்துவிட்டு வந்த பெண்கள் முக்கால் மணி நேரம் அசையாமல் கேட்டார்கள், ஒரு பெண் அழுதாள், இசைக்குப் படிப்பு தேவையில்லை என்பதை என் ஊர் எனக்குக் காட்டியது என்றெல்லாம் சொன்னேன். பேட்டி எடுத்தவர் இரண்டு தடவை நன்றி சொன்னார்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்களுக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று அண்ணனின் ஜீப்பில் ஏறினேன். அண்ணன்தான் ஓட்டினான். முன்னால் உட்காரச் சொன்னான், நான் பிடிவாதமாகப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்தேன். அவர்கள் நெருக்கி இடம் கொடுத்தார்கள். நேற்று அழுத பெண்ணும் எதிரே இருந்தாள். மலையடிவாரத்தில் முந்தல் கிராமம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் நான் சொன்னேன்.

"நேத்து எல்லாரும் வந்தது எனக்கு ரொம்ப சந்தோசம்க்கா. இவ்வளவு அமைதியா எங்கயுமே யாரும் கேட்டதில்ல."

"அமைதியா?" என்றாள் எதிரே இருந்தவள். "நல்லாச் சொன்ன போ. இருமல் வந்து எனக்கு உசுரே போச்சு பாப்பா. முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கண்ணுல தண்ணி கொட்டுது, மூக்குல தண்ணி கொட்டுது. எப்படா முடியும்னு ஆயிருச்சு."

ஜீப்பே சிரித்தது. இன்னொருத்தி, "நான் நல்லாத் தூங்குனேன். இந்த ஜீப்புல வந்து வந்து கண்ணத் தெறந்துக்கிட்டே தூங்கப் பழகிருச்சு" என்றாள். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "இருமல் வந்தா இரும வேண்டியதுதானக்கா, யாரு என்ன சொல்லப் போறா?" என்று கேட்டேன்.

"கங்காணிதான் சொன்னாரே. பாப்பா கச்சேரியில எந்திரிச்சாலோ இருமுனாலோ நாளைக்கு ஜீப்புல எடம் கெடையாதுன்னு..."

பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள். எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஜீப் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்ப, எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தோம். என் காதுமடல் சுடுவது எனக்கே தெரிந்தது. எதையாவது பேசி அந்த இடத்தை விட்டுக் கடந்துவிட வேண்டும் என்று, ஓரத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டி, "இங்க ஒருத்தர் வரலயா?" என்று கேட்டேன்.

கிள்ளியவள் காலடியில் இருந்த தூக்குவாளியை நகர்த்தி வைத்தாள். கடைசியில் இளவயதுப் பெண் ஒருத்தி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பெரியம்மா இனிமே வராது. அதுக்குச் சக்கர வியாதி. மண்டபத்துல கக்கூசு பூட்டிக் கெடந்துச்சு, சாவி யாருட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியல. வெளிய போலாம்னா கங்காணி கதவுல நிக்கிறாரு. அடக்கி அடக்கிப் பாத்துச்சு. முடியல. சீலையோட போயிருச்சு."

"ஏய், சும்மா இரு" என்றாள் கிள்ளியவள்.

"கேட்டாக, சொன்னேன்."

மேலே போய்ச் சேரும் வரை நான் தலையை நிமிர்த்தவில்லை. என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று போட்டிருந்த அதே செருப்பு.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் மெட்டில் டீக்கடை முன்னால் அண்ணன் வண்டியை நிறுத்தினான். செக்போஸ்ட் தாண்டி லோடு லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறியது. நான் கேட்டேன்.

"ஏண்ணே இப்டிச் செஞ்ச?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் நடந்த பேச்சு அவன் காதிலும் விழுந்திருக்கும்.

"நான் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். ஆடாம அசையாம உக்காரச் சொல்லுய்யா, இல்லேன்னா நாளைக்கு ஜீப்புல ஏத்த மாட்டேன்னு சிரிச்சுக்கிட்டேதான் கங்காணிட்ட சொன்னேன். அந்தாளு அத அப்டியே கொண்டுபோயிட்டான்."

"வெளையாட்டுன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்? ஜீப்பு உன்னோடது."

"சரி, தப்புதான்." அவன் குரல் உயர்ந்தது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கு மெட்ராசுல பாத்தேன்ல. அவ்வளவு பெரிய ஹாலு, காத்தாடுது. நீ ஓரத்துல நின்னுக்கிட்டு கதவையே பாத்துக்கிட்டிருக்க, இன்னும் யாராச்சும் வருவாகளான்னு. எனக்கு நெஞ்சு என்னமோ ஆயிருச்சு ஆத்தா. நம்ம ஊர்லயும் நீ அப்டி நிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அது தப்பா?"

நான் கதவைப் பார்த்தபடி நின்றது வெளியே தெரிகிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருடங்களாக, கூட்டம் வருவதும் வராததும் எனக்கு ஒரு பொருட்டில்லை என்று மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அண்ணன் ஒரே சாயங்காலத்தில் அதைப் பார்த்துவிட்டிருக்கிறான். பார்த்து, பரிதாபப்பட்டு, தன்னிடம் இருந்ததை வைத்து எனக்கு ஒரு கூட்டத்தைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். அவனிடம் இருந்தது ஜீப்பில் ஏறும் பெண்கள். அவன் மேல் கோபப்படவும் எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பிஸ்கட்டும் பழமும் வாங்கிக்கொண்டேன், சீக்காளியைப் பார்க்கப் போவதைப் போல. வழியெல்லாம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்துக்கொண்டு போனேன்.

மருமகள்தான் கதவைத் திறந்தாள். பிளெக்ஸில் பார்த்த முகம் என்று கண்டுகொண்டு, "அட, நீங்களா?" என்று சொல்லிவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள். அந்த அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அறுபதை நெருங்கிய ஒல்லியான உடம்பு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதே, வந்தது பிசகு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மருமகள் டம்ளர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் கிட்டே வந்து மெல்லிய குரலில் கேட்டார்.

"நீ எதுக்குத் தாயி வந்த? இவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஜீப்புல மழத்தண்ணி அடிச்சிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அதற்குள் வாசலில் இரண்டு மூன்று பெண்கள் கூடிவிட்டார்கள். "என்னத்தா, இம்புட்டுத் தூரம் உன்னயத் தேடி வந்திருக்காக, என்ன விசயம்?" என்று ஒருத்தி அந்த அம்மாவைக் கேட்டாள். மருமகளும் என்னைப் பார்த்தாள். யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்று கூட உதவவில்லை. "நேத்து கச்சேரிக்கு வந்தவங்க எல்லாரையும் வீட்ல வந்து பாத்து நன்றி சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்ப எங்க வீட்டுக்கு எப்ப வர்ற? நானுந்தான் வந்தேன். சோலி முடிஞ்சு வந்து வீட்லதான் இருக்கேன்" என்றாள் வாசலில் நின்றவள்.

வேறு வழியில்லை. அந்தப் பொய் நிற்க வேண்டுமானால் தெரு முழுக்கப் போயாக வேண்டும். பெட்டிக்கடையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள், வேண்டாம் என்றால் முகம் வாடியது, குடித்தேன். ஒரு வீட்டில் படுத்திருந்த கணவரை எழுப்பி உட்காரவைத்து என்னைக் காட்டினார்கள். கச்சேரி நல்லா இருந்துச்சு என்றார்கள். இருமக்கூடாது என்று மிரட்டப்பட்டவர்கள், மிரட்டியவனின் தங்கச்சிக்குச் சீனி தூக்கலாகப் போட்டுக் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் பாடச் சொல்லிக் கேட்டார்கள். பாடத் தெரியாது என்றேன். "பாடத் தெரியாமயா இம்புட்டுப் பெரிய போர்டு வச்சாக?" என்று அந்த வீட்டுக்காரி நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

கிளம்பும்போது அந்த அம்மா தெருமுனை வரை கூட வந்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"படம் புடிச்சாகளே, அதுல நான் தெரிவனா?"

"தெரியாதும்மா."

"எந்திரிச்சு வெளிய வர்றப்பக்கூட அந்தப் பையன் கேமராவத் திருப்பித் திருப்பிப் புடிச்சுக்கிட்டிருந்தானே. பின்னால சீல பூரா நனைஞ்சிருந்துச்சு. என் பேரன் போனுலதான் எந்நேரமும் கெடக்கான். அவன் பாத்துட்டா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"யாரும் பாக்க மாட்டாங்கம்மா. அந்தப் படம் வெளிய வராது. நான் சொல்றேன்ல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்து, "போ தாயி, பஸ்சு வந்துரும்" என்றார். அது மன்னிப்பு இல்லை. நான் அங்கிருந்து போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

வாக்குக் கொடுத்தது எளிதாக இருந்தது, காப்பாற்றுவதுதான் கடினமாக இருந்தது. சென்னைக்குத் திரும்பியதும் பதிவை வெளியிட வேண்டாம் என்று நிதி கொடுத்தவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் அதற்குள் கேட்டுப் பார்த்து மயங்கிப்போயிருந்தார்கள். அந்த மௌனங்களைப் போல ஒன்றை எந்தப் பதிவிலும் கேட்டதில்லை என்றார்கள். காரணம் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னால் அந்த அம்மா அதற்குள் வந்துவிடுவார். வாசிப்பில் எனக்குத் திருப்தியில்லை என்று சொன்னேன். அது வாசித்த நால்வரின் தலையில் போய் விடிந்தது. படம் வேண்டாம் என்றால் ஒலியை மட்டுமாவது வெளியிடலாமே என்று செல்லோக்காரர் மன்றாடினார். என்னால் அதற்கும் சம்மதிக்க முடியவில்லை. கங்காணி கதவில் நின்றதால் கிடைத்த மௌனத்தை என் பெயரில் விற்க முடியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் வாழ்க்கையில் மிக நன்றாக வாசித்த நாள் அது. "உனக்கு என்ன வேணும்னு உனக்கே தெரியல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் எதையும் அவர் வாசித்ததில்லை.

ஆனால் வானொலிப் பேட்டி போய்விட்டது. எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன், ஏற்கனவே ஒலிபரப்பாகிவிட்டது என்றார்கள். அதிலிருந்த வரிகள் எப்படியோ என் அறிமுகக் குறிப்பில் ஒட்டிக்கொண்டன. எங்கே போனாலும் மேடையில் அதைப் படிக்கிறார்கள். ஏலக்காய் மலையில் வேலை செய்யும் பெண்கள் அசையாமல் கேட்டார்கள், ஒரு பெண் கண்ணீர் விட்டாள் என்று. வெளிநாட்டு ஊர் ஒன்றில் பொறுக்க முடியாமல் எழுந்து திருத்தினேன். அந்தப் பெண் அழவில்லை, இருமலை அடக்கிக்கொண்டிருந்தாள், எல்லோரையும் அசையக்கூடாது என்று சொல்லி உட்காரவைத்திருந்தார்கள் என்றேன். அரங்கம் சிரித்தது. நல்ல அன்பான சிரிப்பு. பிறகு கைதட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்து ஒருவர் வந்து, எவ்வளவு அடக்கமானவர் நீங்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த ஊரின் அறிமுகக் குறிப்பில் இருமலும் சேர்ந்துவிட்டது. அதிலிருந்து நான் திருத்துவதில்லை. படித்து முடிக்கும் வரை தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். பணிவு என்று அதையும் நினைத்துக்கொள்கிறார்கள் போல.

அந்தப் படைப்பைத்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். வேறு குழுக்கள் வாசிக்கின்றன, நான் தடுப்பதில்லை. மௌனம் வரும்போது என் பார்வை மேடைக்குப் போவதில்லை, நாற்காலிகளில் யார் நெளிகிறார்கள் என்று தேடுகிறது. யாராவது இருமினால் எனக்கு மூச்சு வருகிறது. நிகழ்ச்சிக்கு முன்னால் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அமைப்பாளர்கள் இதை ஒரு கிறுக்கு என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும்.

அண்ணன் அடுத்த வாரமே அந்த அம்மாவின் தெருவுக்குத் தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய் ஹாரன் அடித்திருக்கிறான். அவர் வரவில்லை. மூன்று நாலு நாள் போய்ப் பார்த்துவிட்டு விட்டுவிட்டதாக மதினி சொன்னாள். அந்த அம்மா போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டார். உட்கார்ந்தே செய்கிற வேலை, மலையேற வேண்டாம், அது அவருக்கு நல்லதுதான் என்று மதினி என்னைச் சமாதானப்படுத்தினாள். கங்காணி அப்படியே இருக்கிறார். அண்ணனிடம் போனில் பேசும்போது நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று கேட்பான், எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கடைவீதியில் மதினிக்குக் கரும்பு வாங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே அந்த அம்மா வருவதைப் பார்த்தேன். பேரனாக இருக்க வேண்டும், உயரமான ஒரு பையன் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். அவர் என்னை எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். நடை தயங்கியது. முந்தானையை இழுத்துத் தோளை மூடினார். கூட்டத்தில் பக்கத்துச் சந்துக்குத் திரும்ப வழியில்லாமல் நின்றார். நான் கரும்புக்காரரிடம் அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பாத்திரக் கடைக்குள் ஏறி, வீதிக்கு முதுகைக் காட்டியபடி நின்றேன். கடைக்காரர் பொங்கல் பானைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எதன் விலையையும் நான் கேட்கவில்லை. அந்த அம்மா வீதியைக் கடந்து போய்விட்டார் என்று நிச்சயமாகத் தெரிகிற வரைக்கும் ஒரு பானையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.